வீடு அவர் பெயரில், வயல் என் பெயரில்: விவாகரத்துக்காக நான் போன ஒரு சட்டத்தரணி அலுவலகம் பற்றி

மட்டக்களப்பு நகரில், நீதிமன்றத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் உள்ள ஒரு பெண் சட்டத்தரணியின் அலுவலகம் பற்றியது இது. பெயர் போடவில்லை. நல்லதோடு குறையும் சொல்லப் போகிறேன். ஊர் சின்னது, என் வழக்கும் முழுதாக முடியவில்லை. ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். சட்டத்தை விளங்கப்படுத்தும் விதத்துக்கு ஐந்தும் கொடுக்கலாம். நேரம் காப்பதற்கு ஒன்று கொடுத்தாலே அதிகம்.

விவாகரத்து வேண்டும் என்பதில் எனக்கும் பிள்ளைகளின் தாய்க்கும் சண்டை இருக்கவில்லை. முழுச் சண்டையும் சொத்தில்தான். அதனால் இந்த விமர்சனமும் அதைப் பற்றித்தான். பிள்ளைகள் யாரிடம், யார் யாரை விட்டுப் போனது என்பதெல்லாம் இங்கே வேண்டாம்.

நான் களுவாஞ்சிக்குடிப் பக்கத்து ஆள். கல்யாணம் முடித்து ஆரையம்பதிக்குப் போனேன். மட்டக்களப்பில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவது. மாமி வீட்டையும் வளவையும் மகளுக்குச் சீதனமாக நன்கொடை உறுதியில் (காணிப் பத்திரத்தில்) எழுதியிருந்தார். நான் கட்டாரில் மின் வேலை செய்து அனுப்பிய காசில் அந்த வீட்டுக்கு மேல்மாடி கட்டினோம். அதற்கு முன், 2014 இல், வவுணதீவுப் பக்கம் உன்னிச்சைக் குளத்துத் தண்ணீர் பாயும் 2 ஏக்கர் வயல் வாங்கினோம். அது என் பெயரில். வாங்கிய காசில் பெரும்பங்கு அவருடைய 14 பவுண் நகை விற்ற காசு. ஆக, என் உழைப்பு அவர் காணியில் நிற்கிறது, அவருடைய நகை என் காணியில் கிடக்கிறது. இதைப் பிரிக்கச் சொந்தக்காரர்களால் முடியவில்லை. கோயில் தலைவர், இரண்டு பக்கத்துப் பெரியவர்கள் எல்லாம் கூடி ஒரு வெள்ளைத் தாளில் உடன்படிக்கை எழுதி, எல்லோரும் கையெழுத்தும் வைத்தார்கள். அந்தத் தாளோடுதான் இந்த அலுவலகத்துக்குப் போனேன்.

மிஸ் (சட்டத்தரணியை அங்கே எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவது) அதை வாசித்துவிட்டு ஓரமாக வைத்தார். "நல்ல மனசோட எழுதியிருக்காங்க, வைச்சிருங்க. ஆனா இதால ஒரு சாண் காணிகூட மாறாது தம்பி" என்றார். காணி கைமாறுவதென்றால் நொத்தாரிசு முன்னால், இரண்டு சாட்சிகளோடு உறுதி முடிக்க வேண்டும். 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்திலிருந்தே அப்படித்தான். மத்தியஸ்த சபையில் பேசி இணங்கினாலும் உறுதி முடிக்க மறுபடி நொத்தாரிசிடம்தான் வர வேண்டும் என்றும் சொன்னார். இதைச் சொல்ல அவர் காசு வாங்கவில்லை. முதல் சந்திப்புக்கு 3,000 ரூபாய் என்று வெளியில் எழுதிப் போட்டிருக்கிறது, ஆனால் வழக்கை எடுத்தால் அதை மொத்தக் கட்டணத்தில் கழித்துவிடுகிறார்கள்.

அடுத்தது நான் தலையில் ஏற்றிக்கொண்டு போன ஒரு கதை. தோஹாவில் என்னோடு அறையில் இருந்த யாழ்ப்பாணத்து நண்பன், "கல்யாணத்துக்குப் பிறகு தேடினதெல்லாம் தேடியதேட்டம், பாதிப் பாதி, பயப்படாதே" என்று சொல்லியிருந்தான். தேடியதேட்டம் தேசவழமைச் சட்டத்தில் வருவது என்றார் மிஸ். அது வடமாகாணத் தமிழர்களுக்கு. மட்டக்களப்பு, அம்பாறைத் தமிழர்களுக்குப் பொதுச் சட்டம்தான். அதன்படி கணவன் சொத்து கணவனுக்கு, மனைவி சொத்து மனைவிக்கு. கல்யாணம் ஆனதால் மட்டும் எதுவும் பொதுச்சொத்து ஆவதில்லை. 1876 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் அந்தப் பொதுச்சொத்து முறையை எடுத்துவிட்டது. நமக்கும் ஒரு காலத்தில் முக்குவர் சட்டம் என்று தாய்வழி உரித்துச் சட்டம் இருந்ததாம். இன்று நீதிமன்றத்தில் அது இல்லை, வீடு பெண்பிள்ளைக்கு என்ற வழக்கம் மட்டும் ஊரில் நிற்கிறது. காத்தான்குடியில் என்னோடு வேலை செய்த நானாவின் தங்கைக்கு வேறு வழி: முஸ்லிம்களான அவர்களுக்குக் காதி நீதிமன்றம், கைக்கூலியை, அதாவது பெண் வீட்டார் மாப்பிள்ளைக்குக் கொடுத்ததை, திருப்பிக் கேட்க அங்கேயே இடம் உண்டு. ஆரையம்பதிக்கும் காத்தான்குடிக்கும் நடுவே ஒரு மதில்தான் தூரம், சட்டம் மட்டும் வேறு.

இதைக் கேட்டதும் எனக்கு வந்த முதல் யோசனை, அப்படியானால் வயல் எனக்கு, மேல்மாடி போனது போனதுதானா என்பது. மிஸ் சொன்ன பதில்தான் இந்த அலுவலகத்தின் மேல் எனக்கு மதிப்பு வரக் காரணம். உறுதியில் யார் பெயரோ அவர்தான் சொந்தக்காரர் என்பது தொடக்கம் மட்டும்தான். விவாகரத்துத் தீர்ப்புச் சொல்லும்போது, குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 615 ஆம் பிரிவின்படி, ஒருவருடைய சொத்தை மற்றவருக்கோ பிள்ளைகளுக்கோ எழுதிக் கொடுக்கவும், மொத்தமாகவோ மாதாமாதமோ பணம் கட்டவும் நீதிமன்றம் கட்டளையிடலாம். நீதிபதிக்கு எது நியாயமாகப் படுகிறதோ அது. "பாதிப் பாதி எண்டு எங்கயும் எழுதல்ல. எது நியாயம் எண்டு நீங்க ரெண்டு பேரும் பேசி முடிவெடுத்து வந்தா, அதைத் தீர்வு நிபந்தனையா நீதிமன்றத்தில பதியலாம். இல்லாட்டி, உங்களத் தெரியாத ஒருத்தர் உங்கட வீட்டைப் பிரிப்பார்" என்றார்.

அதோடு, பிள்ளைகளின் தாய்க்கும் தனியாக ஒரு சட்டத்தரணி இருந்தால்தான் பேச உட்காருவேன் என்று சொல்லிவிட்டார். எனக்கு அது பிடிக்கவில்லை. நான் காசு கொடுக்கிற ஆள், எதிர்ப்பக்கத்துக்கு எதற்கு இவ்வளவு அக்கறை என்று தோன்றியது. அவருக்கு வருமானம் குறைவு என்பதால் சட்ட உதவி ஆணைக்குழு மூலம் ஒருவர் கிடைத்தார். பிறகு நடந்த பேச்சில் இரண்டு பக்கமும் ஆள் இருந்ததால்தான், "என்னை ஏமாத்திட்டாங்க" என்று நாளைக்கு யாரும் சொல்ல முடியாத அளவுக்கு விசயம் நின்றது.

பட்டியலுக்கு வருவோம். பெரிய தாளில் கோடு போட்டு, ஒவ்வொரு பொருளுக்கும் யார் பெயரில் இருக்கிறது, யார் காசில் வந்தது, இப்போது யார் கையில் இருக்கிறது என்று எழுதச் சொன்னார். நான் ஒன்று, பிள்ளைகளின் தாய் ஒன்று, தனித்தனியாக. வீடு, வயல், வங்கியில் அடகில் கிடந்த 3 பவுண் சங்கிலி, லீசிங்கில் எடுத்த ஓட்டோ, மோட்டர் சைக்கிள், குளிர்சாதனப் பெட்டி, என் ஊழியர் சேமலாப நிதி, அவர் சீட்டுப் போட்ட காசு. என் பட்டியலில் இருந்து அவர் பட்டியலில் இல்லாதது ஒன்றுதான்: மேல்மாடி. அவருக்கு அது வீட்டின் ஒரு பகுதி. அவர் பட்டியலில் இருந்து என் பட்டியலில் இல்லாதது பல. நான் கட்டாரில் இருந்த காலத்தில் வயலை விதைத்து, கூலியாள் பிடித்து, வெட்டி, நெல்லை விற்று, தண்ணீர்க் கூட்டத்துக்குப் போனது யார் என்று எழுதியிருந்தார். அதற்குப் பற்றுச்சீட்டு இல்லை. மிஸ் அந்த வரிகளையும் வெட்டாமல் தட்டச்சுச் செய்ய வைத்தார்.

இனி எங்கள் சண்டையின் கரு. அவர் பக்கம் கேட்டது 14 பவுண். காசாக வேண்டாம், பவுணாக. 2014 இல் பவுண் நாற்பதாயிரம் அளவில் நின்றது; இன்றைய விலையை நான் எழுதினால் நாளைக்கே அது பழசாகிவிடும். நான் விடுவேனா? நான் 2016 இலிருந்து அனுப்பியது ரியால். அன்று ஒரு ரியால் ஏறத்தாழ 40 ரூபாய். 2022 இல் ரூபாய் விழுந்தபோது அதே ரியால் 100 ரூபாயைத் தொட்டது. நான் மேல்மாடிக்குப் போட்ட 26 இலட்சத்தையும் ரியாலாகவே திருப்பித் தா என்றேன். இல்லை, பவுண்தான் கணக்கென்றால் அன்றைய விலைக்கு என்னுடைய காசும் ஐம்பது பவுணுக்கு மேலே வரும், அதையும் பவுணாகத் தா. இந்தக் கணக்கை நான் கைப்பேசியில் தட்டிக் காட்டியபோது எனக்கு உள்ளுக்குள் ஒரு வெற்றிச் சிரிப்பு.

மிஸ் இரண்டு தொகையையும் எழுதிக்கொண்டார். பிறகு, "சரி, இப்ப அந்த 14 பவுண் எங்க இருக்கு? வயலா இருக்கு. அந்த 26 இலட்சம் எங்க இருக்கு? சீமெந்தா இருக்கு. போன காசைப் பிரிக்க ஏலாது. இருக்கிறதைத்தான் பிரிக்கலாம்" என்றார். வயலின் விலை ஏறியிருக்கிறது. மேல்மாடியின் விலை அப்படியல்ல. கட்டிய நாளிலிருந்து அது பழசாகிக்கொண்டே வருகிறது, அதில் நானும் பிள்ளைகளும் குடியிருந்தும் இருக்கிறோம். மதிப்பீட்டாளர் ஒருவரைப் பிடித்து மேல்மாடிக்கு இன்று என்ன பெறும் என்று எழுதி வாங்கினோம். நான் எதிர்பார்த்ததைவிடக் குறைவுதான். மதிப்பீட்டாளருக்குப் போன காசு தனி, அது முதலில் சொன்ன கட்டணத்தில் சேராது. இதை முன்கூட்டியே சொல்லியிருக்கலாம்.

விலை தெரிந்த பிறகும் ஒரு முடிச்சு இருந்தது. மாமி வீட்டை எழுதிக் கொடுத்தபோது தன் சீவிய உரித்தை வைத்துக்கொண்டிருக்கிறார். அவர் உயிரோடு இருக்கும்வரை அந்த வீட்டில் அவருக்கு உரிமை உண்டு. ஆகவே வீட்டை விற்று எனக்குப் பங்கு தருவது என்ற பேச்சுக்கே இடமில்லை. இத்தனை வருடம் அந்த வீட்டில் இருந்தும் உறுதியின் அந்தப் பந்தியை நான் வாசித்ததே இல்லை. பெண் வீட்டு உறுதியைக் கேட்டு வாங்கி வாசிக்கிற மாப்பிள்ளை எங்கள் பக்கம் எங்கே இருக்கிறார்? காணிப் பதிவகத்தில் பிரதி எடுத்து, அந்தப் பந்திக்குக் கீழே பென்சிலால் கோடு போட்டுக் காட்டியது அலுவலகத்தின் இளைய சட்டத்தரணி. கெட்டிக்காரப் பிள்ளை.

முடிவில் இப்படி இணங்கினோம். வீடு, மேல்மாடியோடு அவருக்கு. மேல்மாடியை வாடகைக்குக் கொடுத்து, அந்த வாடகையில் பாதி ஐந்து வருடத்துக்கு எனக்கு. சீவிய உரித்து இருப்பதால் மாமியும் அதில் கையெழுத்து வைத்தார். மாமி கையெழுத்து வைக்க வந்த அன்று, "மனே, சாப்பிட்டியா?" என்றுதான் முதலில் கேட்டார். அதற்கு என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை, சாப்பிட்டேன் என்றேன். வயலில் ஒரு ஏக்கர் அவருக்கு, ஒரு ஏக்கர் எனக்கு. அடகில் கிடந்த 3 பவுணை நான் மீட்டுக் கொடுப்பது. ஓட்டோவுக்கு முற்பணம் கட்ட அடகு வைத்தது அது. பிள்ளைகளின் தாபரிப்பு, அதாவது மாதச் செலவுக் காசு, இதில் எதிலும் கழிபடாது. "மாடியை விட்டுக் கொடுத்திட்டேன்தானே, மாதக் காசைக் குறைக்கலாம்" என்று நான் தொடங்கியபோது மிஸ் என் பக்கத்துச் சட்டத்தரணி என்றுகூடப் பார்க்காமல் நிறுத்தினார். தாபரிப்பு பிள்ளையின் உரித்து, தாய் தகப்பன் தங்களுக்குள்ளே பேரம் பேசுகிற பொருள் இல்லை என்றார்.

இது நியாயமா? வாடகைக்கு ஏழு வருடம் கேட்டிருக்கலாம் என்று இன்னும் எனக்கு ஒரு மனம் சொல்லும். வயலில் பாதி கொடுத்ததில் எனக்கு வருத்தமில்லை. நகைக்காக மட்டுமென்றால் அவருக்குப் பாதிக்கும் மேலே வர வேண்டும். நான் இல்லாத காலத்து வேலையையும் சேர்த்தால் இன்னும் கூடும். அவர் அவ்வளவு கேட்கவில்லை.

இப்போது குறை. வயலைப் பிரிக்க அலுவலகம் தங்களுக்குத் தெரிந்த நில அளவையாளர் ஒருவரை அனுப்பியது. அவர் வந்து அளந்து, சரியாக ஒரு ஏக்கர், ஒரு ஏக்கர் என்று நேர்கோடு போட்டு வரைபடம் தந்தார். தாளில் பார்த்தால் குறையே இல்லை. ஆனால் வாய்க்கால் ஒரு துண்டை மட்டும்தான் தொட்டது. மற்றத் துண்டுக்குத் தண்ணீர் வர வேண்டுமென்றால் முதல் துண்டுக்காரர் மனம் வைக்க வேண்டும். பிரிந்த புருசன் பெண்சாதிக்கு இதைவிடப் பெரிய வம்பு வேண்டுமா? சிறுபோகத்தில் தண்ணீர் முறை வைத்து விடும் நாளில் அருவாளோடு நிற்க வேண்டி வரும். வரைபடத்தைப் பார்த்த உடனே இதைச் சொன்னது பக்கத்து வயல்காரர். அலுவலகத்தில் யாருக்கும் அது கண்ணில் படவில்லை. வயல் வேலை தெரியாதவர்களுக்கு ஏக்கர் என்றால் ஏக்கர்தான். தண்ணீர் எந்தப் பக்கத்தால் வருகிறது, எந்த மூலை பள்ளம், உழவு இயந்திரம் எங்கே இறங்கும் என்பதெல்லாம் அவர்களுக்குப் பிறகுதான். மறுபடி அளந்து, நீளவாக்கில் வெட்டி, இரண்டு துண்டும் வாய்க்காலைத் தொடும்படி செய்தார்கள். இரண்டாவது அளவுக்கும் எங்களிடமே காசு கேட்டார்கள். நான் சத்தம் போட்ட பிறகு பாதியைக் குறைத்தார்கள். முழுவதையும் விட்டிருக்க வேண்டும்.

வயல் உள்ளவர்களுக்கு இன்னும் இரண்டு விசயம். எங்களுடையது உறுதிக் காணி என்பதால் இவ்வளவு லேசில் பிரித்தோம். அரசாங்கம் அனுமதிப் பத்திரத்தில் கொடுத்த பேர்மிட் காணி என்றால் பிரதேச செயலாளரின் சம்மதம் இல்லாமல் அசைக்க முடியாது, ஆகவே போகும்போதே அதைச் சொல்லிவிடுங்கள். மற்றது, உறுதி மாறினால் மட்டும் போதாது. கமநல சேவை நிலையத்துப் பதிவிலும் பெயர் மாற வேண்டும், இல்லாவிட்டால் பசளை மானியத்துக்குப் போய் நிற்கும்போது பிரச்சினை வரும். இதை அலுவலகம் சொல்லவில்லை. நான் எங்கள் ஊர்க் கமக்காரர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

தாலிக்கொடி பற்றிச் சொல்லாவிட்டால் எங்கள் வீட்டுக் கதை முழுமையாகாது. 7 பவுண், எங்கள் அம்மா போட்டது. அம்மா அதைத் திருப்பிக் கேட்கச் சொல்லி என்னைப் பிழிந்து எடுத்தார். மிஸ்ஸிடம் கேட்டேன். பெண்ணுக்குப் போட்ட நகை பெண்ணின் சொத்து, கல்யாணமான பெண்ணுக்குத் தன் சொத்தைத் தானே வைத்திருக்கவும் விற்கவும் உரிமை உண்டு, 1923 ஆம் ஆண்டிலேயே அதற்குக் கட்டளைச் சட்டம் வந்துவிட்டது என்றார். அம்மாவிடம் அதைச் சொன்னேன். "1923 இல நான் பிறக்கவே இல்ல, எனக்கு அந்தச் சட்டம் தெரியாது" என்றார்.

ஓட்டோ விசயத்தில் அலுவலகத்தைப் பாராட்ட வேண்டும். லீசிங் என் பெயரில், பிணை நின்றது அவருடைய தம்பி. ஓட்டோ எனக்கு என்று நாங்கள் எழுதிக்கொண்டாலும் லீசிங் கொம்பனிக்கு அது ஒரு பொருட்டே இல்லை. நான் தவணை தவறினால் அவர்கள் பிடிப்பது அந்தத் தம்பியைத்தான். இது எனக்கும் தோன்றவில்லை, அவருக்கும் தோன்றவில்லை. மிஸ் தான் பிணையாளை மாற்றச் சொல்லி, மாற்றிய கடிதம் வந்த பிறகே தீர்வு நிபந்தனையில் அந்த வரியைச் சேர்த்தார். சேமலாப நிதியில் பின்னுரித்தாளியாக, அதாவது எனக்குப் பிறகு அந்தக் காசு சேர வேண்டியவராக, யார் பெயர் இருக்கிறது என்று பார்த்து வரச் சொன்னதும் அவர்தான்.

கட்டணம்: வழக்குக்கு 1,50,000 ரூபாய், தவணையில் கட்டலாம். உறுதி முடிப்பது, முத்திரைக் கட்டணம், நில அளவை, மதிப்பீடு எல்லாம் தனி. மொத்தமாக எவ்வளவு வரும் என்று முதல் நாளே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், வாய்ச்சொல்லில் விடாதீர்கள். பற்றுச்சீட்டு கேட்டால்தான் தருகிறார்கள். கிளாக்கர் ஐயா நல்ல மனிதர், ஆனால் தொலைபேசி எடுக்க மாட்டார். நான்கு மணிக்கு வரச் சொன்னால் ஆறு மணிக்குத்தான் உள்ளே கூப்பிடுவார்கள். நீதிமன்ற நாளில் இன்னும் மோசம். உட்காரும் இடத்தில் மறைப்பு இல்லை. நம் வீட்டு விசயத்தைப் பக்கத்தில் இருக்கிற ஆறு பேரும் கேட்டுக்கொண்டிருப்பார்கள். அன்றைக்கு அங்கே இருந்த ஒருவர் எனக்கு அறிவுரையே சொல்லத் தொடங்கிவிட்டார்.

இரண்டு பேரும் சம்மதித்தால் கையெழுத்துப் போட்டு முடித்துவிடலாம் என்று நினைத்துப் போகாதீர்கள். சம்மதம் மட்டும் விவாகரத்துக்குக் காரணமாகாது. ஒருவர் மற்றவர் மேல் குற்றம் காட்டித்தான் வழக்குப் போட வேண்டும். எங்கள் வழக்கில் அது வன்மத்தோடு கைவிட்டுச் சென்றது என்று போனது. யார் யாரைக் கைவிட்டதாக எழுதுவது என்பதற்கே ஒரு கிழமை கதைத்தோம். முதல் தீர்ப்பு வந்தாலும் மூன்று மாதம் கழித்துத்தான் அது முடிவான தீர்ப்பாகும். நாங்கள் அந்த மூன்று மாதத்துக்குள் நிற்கிறோம்.

வயல் உறுதிகள் இரண்டும் எழுதித் தயாராக இருக்கின்றன, கையெழுத்து முடிவான தீர்ப்புக்குப் பிறகு. திருத்திய வரைபடத்தின் பிரதியை எனக்கு இன்னும் தரவில்லை. பெரும்போக விதைப்புக்கு முன் வரம்பு கட்ட வேண்டும், அதனால் அடுத்த கிழமை போய்க் கேட்டு வாங்க வேண்டும். நீங்களும் போவதாக இருந்தால் சனிக்கிழமை காலையில் போங்கள், கூட்டம் குறைவு.